மறுமொழி: கணினியின் ஓவர்ஃப்ளோவுக்கு (எண் தன் இடத்துக்குள் கொள்ளாமல் போவதற்கு) ‘வான் பாய்தல்’ என்ற சொல் சரிவருமா?

> ‘வழிதல்’ என்றால் பால் பொங்கி வழிவதுதான் நினைவுக்கு வரும். குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற ‘வான் பாய்தல்’ என்றால் எங்கட ஆட்களுக்கு உடனே விளங்கும். அதையே வைப்பம்.

அண்ணா, சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. மார்கழி மழைக்கு இரணைமடுக் குளம் வான் பாய்ந்தால் கிளிநொச்சியில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வான் பாய்ந்த பிறகும் குளம் நிறைந்துதானே இருக்கும்? மிச்சம்தான் போகும். கணினிக்குள் எப்போதும் அப்படி நடப்பதில்லை.

போன மாதம் குளத்து நீர்க்கணக்குக்கு நிரல் எழுதினேன். நாளாந்த நீர்வரவைக் கூட்டிவர 16 பிட் முழு எண் போதும் என்று விட்டுவிட்டேன் (நினைவகத்தில் மிச்சம் பிடிக்கிற பழைய புத்தி). அதில் கொள்வது 32,767 வரைதான், இரணைமடுவோ இலட்சம் ஏக்கரடிக்கு மேல் கொள்கிற குளம். 40,000 வரவேண்டிய இடத்தில் திரையில் -25,536 நிற்கிறது! சூத்திரத்தை மூன்று தரம் பார்த்தேன், மழைத் தரவையும் பார்த்தேன், இரண்டும் சரி. சமன்பாட்டைத் தட்டச்சுச் செய்தால் நிரல் முடிந்தது என்றுதான் பொறியியல் படித்த நாங்கள் பழகியிருக்கிறோம், எண் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று பார்ப்பது கணினி விஞ்ஞானக்காரரின் வேலை என்று விட்டுவிடுகிறோம். எல்லை தாண்டியதும் எண் எதிர்ப்பக்கத்துக்குச் சுற்றிப்போய், இருந்த கணக்கும் கெட்டுவிட்டது. எனக்கு நடந்தது வான் இல்லை, குளக்கட்டு உடைப்பு.

படத்தில் ஒரு புள்ளியின் வெளிச்சம் 255க்கு மேல் ஏறாமல் அங்கேயே நிற்கும்படி எழுதுகிறோமே, அதுதான் சரியான வான் பாய்தல். அப்ப இரண்டுக்கும் பொதுவாகக் ‘கொள்ளளவு மீறல்’, அதற்குள் வான் பாய்தல், உடைப்பு என்று பிரித்தால் என்ன?

> 1996 யூன் 4 ஏரியான் 5 ரொக்கெட் வெடித்ததை எதில் சேர்ப்பீர்கள், தங்கச்சி? 64 பிட் மிதவைப்புள்ளி (தசம) எண்ணை 16 பிட்டுக்குள் திணித்த கதைதானே அதுவும்.

அது மீறல்தான், ஆனால் எண் உடைத்துக்கொண்டு ஓடவில்லை. கொள்ளாது என்று கணினி சங்கு ஊதியது, ஏரியான் 4இலிருந்து எடுத்துப் போட்ட அந்த நிரல்பகுதியில் அதைக் கேட்க ஆள் வைத்திருக்கவில்லை, வழிகாட்டும் கணினி நின்றுபோனது. மூன்றாவது வகை. அதற்கு இன்னும் சொல் வரவில்லை.

அப்புறம், அண்டர்ஃப்ளோ: எண் மிகமிகச் சிறிதாகி, கணினி அதைப் பூச்சியமாக எடுப்பது. குளத்தில் என்றால், துருசு (மதகு) மட்டத்துக்குக் கீழே தண்ணீர் கிடக்கும், வயலுக்கு வராது, கணக்கில் பூச்சியம். வயல் செய்கிற ஆட்கள் அந்தத் தண்ணீருக்கு என்ன பெயர் சொல்வார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.