பிங் கருவியை விண்டோஸுக்கு மாற்றும்போது நேரம் 0 என்றே வருகிறது
நண்பர்களே, லினக்ஸில் சி மொழியில் எழுதிய சின்ன பிங் கருவியை (இன்னொரு கணினி பதில் தருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்ப்பது) விண்டோஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். லினக்ஸில் ரா சாக்கெட் (பாக்கெட்டை நாமே உருவாக்கி அனுப்பும் வழி) திறந்து ஐசிஎம்பி எக்கோவை, அதாவது பிங் அனுப்பும் கேள்விப் பாக்கெட்டை, நானே கட்டி அனுப்புகிறேன். விண்டோஸில் அதற்கு அட்மின் உரிமை வேண்டும். இதைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு அது கிடையாது. சரி என்று விண்டோஸே தரும் ஐசிஎம்பி சென்ட் எக்கோ (IcmpSendEcho) ஃபங்ஷனுக்குப் போனேன். அட்மின் தொல்லை இல்லை, செக்சம் (பாக்கெட்டின் பிழை சரிபார்ப்பு எண்) கணக்குப் போடும் வேலையும் இல்லை. ஆனால் அது தரும் ரவுண்ட் ட்ரிப் (போய்த் திரும்பும்) நேரம் முழு மில்லிசெகண்டில்தான். லினக்ஸில் 0.3 காட்டிய பக்கத்துக் கணினிக்கு இங்கே 0!

விண்டோஸின் நுண்ணிய கடிகாரமான குவெரி பெர்ஃபார்மன்ஸ் கவுண்டரை அந்த ஃபங்ஷன் அழைப்புக்கு முன்னும் பின்னும் வைத்து அளக்கலாம். ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கும் த்ரெட் (நிரலின் இயங்கும் இழை) விழித்தெழும் தாமதமும் அதில் கலந்துவிடுமே? செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா, அந்த எண் நம்பும்படி இருந்ததா? தயவுசெய்து என்பிகேப் (பாக்கெட்டுகளைப் பிடிக்கத் தனியாக நிறுவும் மென்பொருள்) நிறுவச் சொல்லாதீர்கள், ஒற்றை இஎக்ஸ்இ கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும்.