சாதாரணக் கட்டிதான் என்றார்கள், பாதித் தாடையை எடுத்தார்கள்

கரூர்க்காரன்:

பயாப்ஸி ரிப்போர்ட்டில் அமெலோபிளாஸ்டோமா (தாடை எலும்பில் வரும் ஒரு கட்டி) என்று பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டிதான்" என்று டாக்டர் சொன்னதும் அம்மா அங்கேயே சமயபுரத்தாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாக்கியத்திலேயே "கீழ்த்தாடையில் வலது பக்கம் பாதியை எடுக்கணும்" என்றார் அதே டாக்டர். இந்த இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வரும் என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை.

எனக்கு அப்போது 34 வயது. வலி என்று ஒன்றும் கிடையாது. கன்னம் லேசாக உப்பியிருந்தது, கடைவாய்ப்பல் ஒன்று ஆடியது, அவ்வளவுதான். முதலில் பார்த்த கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் வேர் சிகிச்சை செய்தார்கள், வீக்கம் குறையவில்லை என்று மறுபடி மாத்திரை. தாடை முழுவதும் தெரிகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனபிறகு வேறொரு பல் டாக்டர்தான் அதை எடுத்தார். எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாகத் தெரிந்தது. இந்தக் கட்டிக்கு அடையாளமாகப் பாடப்புத்தகத்திலேயே சொல்லும் உவமை அதுதானாம்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பல்லுக்கு எனாமல் உருவாக்கும் செல்களின் மிச்சத்திலிருந்து வருகிற கட்டி இது. ஏறத்தாழ 80 சதவீதம் கீழ்த்தாடையில்தான் வருகிறது, அதிலும் கடைவாய்ப் பக்கம். உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அபூர்வம், அதனால்தான் 'சாதாரணக் கட்டி'. ஆனால் இருக்கிற இடத்தில் எலும்பைத் தின்றுகொண்டே போகும், எக்ஸ்ரேயில் தெரிகிற விளிம்பையும் தாண்டி எலும்பின் உள் இடுக்குகளில் புகுந்திருக்கும். சுரண்டி மட்டும் எடுத்தால் அந்த மிச்சம் திரும்ப வளர்ந்துவிடும். அதனால் விளிம்பிலிருந்து ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் "சுரண்டினா போதாதா, எதுக்கு இந்த வயசுல முகத்தைக் கெடுத்துக்கிற" என்றார்கள். திரும்ப வந்து இன்னும் பெரிதாக வெட்டிக்கொள்வதற்கு ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நான் முடிவெடுத்தேன்.

எடுத்த தாடைக்குப் பதில் காலில் இருந்து ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பை எடுத்து வைத்தார்கள். உடம்பின் எடையைத் தாங்குவது பக்கத்தில் இருக்கும் பெரிய எலும்புதான் என்பதால் முழங்காலிலும் கணுக்காலிலும் கொஞ்சம் விட்டுவிட்டு நடுத்துண்டை எடுக்கலாம். அதைத் துண்டு போட்டுத் தாடை வளைவுக்கு ஏற்றபடி டைட்டானியம் பிளேட்டில் திருகி, அதன் ரத்தக்குழாயைக் கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். காலையில் உள்ளே போனவன் வெளியே வரும்போது இருட்டிவிட்டதாம். ஐ.சி.யூ.வில் மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து டாப்ளர் வைத்து ரத்த ஓட்டச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உடனே மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டும். தொண்டையில் துளை போட்டிருந்ததால் பேச முடியாது. எழுதிக் காட்ட ஒரு நோட்டு எடுத்துப் போங்கள், செல்போனில் தட்டுவதெல்லாம் அந்த நிலைமையில் ஆகாது.

இதையெல்லாம் விட எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம் உதடுதான். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடுகிற நரம்பும் எலும்போடு போய்விடுகிறது. வலது பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்தே கிடக்கும். டீ குடிக்கும்போது டம்ளர் விளிம்பு உதட்டில் பட்டிருக்கிறதா, இன்னும் படவில்லையா என்று தெரியாது. சாய்த்தால் சட்டையில் வழியும், சூடு நெஞ்சில் பட்டபிறகுதான் விஷயமே தெரியும். தண்ணீரை அண்ணாந்து குடித்துவிடலாம், கொதிக்கிற டீயை என்ன செய்வது? பந்தியில் உட்கார்ந்தால் எதிரில் இருக்கிற மனைவி தன் முகவாயைத் தொட்டுக் காட்டுவாள். ரசம் வழிகிறது என்று அர்த்தம். ஷேவ் செய்யும்போது வெட்டினாலும் ரத்தத்தைப் பார்த்தால்தான் உண்டு.

வைகைக்கரை:

அண்ணா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிற எல்லாரும் தாடை போச்சு என்று பயந்துவிடுவார்கள். என் தங்கைக்கு 17 வயதில் வந்தது. முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றிய நீர்க்கட்டி என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள், எடுத்து பரிசோதனைக்கு அனுப்பியபோதுதான் இது என்று தெரிந்தது. ஆனால் அவளுக்கு யூனிசிஸ்டிக் வகை. ஒரே பையாக இருக்கும், சின்ன வயதுக்காரர்களுக்கு அதிகம் வருவது. அதிலும் கட்டி பையின் உட்பக்கம் மட்டும் இருக்கிறதா, சுவருக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சுவருக்குள் போயிருந்தால் அண்ணாவுக்குச் செய்த மாதிரி பெரிய ஆபரேஷனே வேண்டியிருக்கலாம். அவளுக்கு உள்ளேயே இருந்ததால் வழித்தெடுத்ததோடு விட்டுவிட்டார்கள், தாடை அப்படியே இருக்கிறது. இதற்கு விலை என்னவென்றால் செக்கப். வருஷக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பத்து வருஷம் கழித்துக்கூடத் திரும்ப வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி வெளியூர் போனாலும் விடாதே என்று இப்போதே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் என்னை முறைக்கிறாள்.

மாடித்தோட்டம்:

என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம். பார்த்துக்கொள்கிறவர்கள் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா.

மூக்குக் குழாய் இருக்கும்வரை எதைக் கொடுத்தாலும் மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுங்கள், சல்லடை போதாது. கேழ்வரகுக் கூழின் ஒரு சின்ன திப்பி போதும் குழாய் அடைத்துக்கொள்ள, அப்புறம் அதை எடுத்து மறுபடி போடும்போது அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயை அலசுங்கள். குழாய் எடுத்தபிறகு ஒரே மிக்ஸிதான். குழைந்த பருப்பு சாதத்தில் வேகவைத்த முட்டையைச் சேர்த்து அரைத்துக் கொடுத்தேன், பார்க்கச் சகிக்காது, ஆனால் இளைத்த உடம்பு அதில்தான் தேறியது.

வாய் திறப்பு சுருங்கிவிடும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, கொஞ்ச நாளைக்கு ஒரு குச்சி கூட்டச் சொன்னார் பிசியோ. வலிக்கும், திட்டு வாங்குவீர்கள், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கால் பற்றி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அவருக்குக் கட்டைவிரல் பழையபடி மடங்கவில்லை, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். நடக்கிறார், பைக் ஓட்டுகிறார், சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது.

ஒரு சந்தேகம். இதற்கு மருந்தே கிடையாதா? அப்புறம் பல் எப்போது கட்டினீர்கள்?

கரூர்க்காரன்:

அக்கா, மருந்து பற்றி நானும் கேட்டேன். இந்தக் கட்டிகள் பலவற்றில், முக்கியமாகக் கீழ்த்தாடையில் வருபவற்றில், பி.ராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதை 2014-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதே மாற்றத்துக்காகத் தோல் புற்றுநோய்க்குத் தருகிற மாத்திரைகளில் சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. ஆனால் என் டாக்டர் ஆபரேஷனைத்தான் இப்போதும் முதலில் வைக்கிறார். திரும்பத் திரும்ப வந்தவர்கள், வெட்ட முடியாத இடத்தில் இருப்பவர்கள் அந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பார்க்கலாம். விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை.

பல் இன்னும் கட்டவில்லை. எலும்பு நன்றாக ஒட்டியபிறகுதான் இம்பிளான்ட் போட முடியும். கால் எலும்பு தாடையை விட உயரம் குறைவு, அதனால் அந்தப் பக்கம் பல் நீளமாக வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் போகும்போது இதை முன்கூட்டியே கேளுங்கள், பிளேட்டில் எந்தத் திருகைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். அதுவரை இடது பக்கமே மெல்லுகிறேன். முறுக்கு மட்டும் ஊறவைத்துத்தான்.