குறைஞ்ச காசில பேஸ்மென்ற் முடிச்ச ஆக்கள் உங்கட அனுபவத்தை எழுதுங்கோ, முதல்ல எங்கட கதை

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் கனடாவில ரொறன்ரோ நகரத்து ஸ்காபுறோவில இருக்கிறம், 1980கள்ல கட்டின வீடு, பேஸ்மென்ற், அதாவது நிலத்துக்கு கீழ இருக்கிற தளம், ஒரு 700 சதுர அடி வரும், வாங்கேக்க வெறும் கொங்கிறீற் சுவரும் வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸும் மட்டும் தான். ஊரில இருந்து அம்மா அப்பா வரப்போகினம், அவைக்கு ஒரு அறை, ஒரு பாத்ரூம், இருந்து கதைக்க ஒரு சின்ன ஹோல் வேணும் எண்டு 2021ல யோசிக்கத் தொடங்கினம். நான் 1998ல இந்த நாட்டுக்கு வந்து முதல் ஆறு வருசம் இருந்தது வேற ஆக்களின்ர பேஸ்மென்ற்ல தான். கோடையிலயும் கால் குளிரும், மெத்தையைத் தூக்கினால் கீழ பூஞ்சணம், அந்த மணம் உடுப்பெல்லாம் ஏறி பஸ்ஸில பக்கத்தில ஒராள் வந்து இருந்தாலே எனக்குக் கூச்சமா இருக்கும். அம்மாவை அப்பிடி ஒரு அறையில படுக்க விடக்கூடாது எண்டதில மட்டும் நான் உறுதியா இருந்தன்.

மூண்டு பேர் வந்து பாத்து விலை சொன்னவை. ஒராள் 64,000, ஒராள் 58,000, மூண்டாவது ஆள் 38,000, சிற்றியின்ர பெர்மிற் ஒண்டும் தேவையில்லை எண்டார். எங்கட கையில இருந்தது 25,000 டொலர். இவருக்கு மூண்டாவது ஆளைப் பிடிக்கலாம் எண்டு விருப்பம், நான் அந்த ஆளிட்ட கொங்கிறீற் சுவருக்கும் ட்றைவோலுக்கும் (உள்சுவருக்கு அடிக்கிற ஜிப்சம் ஷீற்) நடுவில என்ன போடுவீங்கள் எண்டு கேட்டன், கொங்கிறீற்றோட ஒட்டி மஞ்சள் பஞ்சு, அதுக்கு மேல பொலித்தீன், அவ்வளவு தான் எண்டார். நான் ஆறு வருசம் இருந்த அறையின்ர சுவரை உடைக்கேக்க உள்ளுக்க அதைத் தான் கண்டனான், பஞ்சு முழுக்க நனைஞ்சு கறுத்துப் போய் இருந்தது. அதால நாங்களே செய்யிறது, பிளம்பிங், கரண்ட் வேலைக்கு மட்டும் லைசன்ஸ் உள்ள ஆக்களைப் பிடிக்கிறது எண்டு முடிவெடுத்தம்.

அந்த நேரம் மரவிலை தலைக்கு மேல, 2021 மே மாதம் தான் உச்சம், எட்டடி ரூ பை ஃபோர் மரச்சட்டம் ஒண்டு முந்தி இருந்த விலையை விட ரெண்டு மூண்டு மடங்கு. வேற வழியில்லாமல் ஒரு வருசம் தள்ளிப் போட்டம். எங்களுக்கு நடந்த நல்ல காரியம் அது தான், ஏனெண்டால் அந்த இடைவெளியில பனி உருகிற காலம் ஒண்டு முழுசா வந்து போச்சு, தண்ணி எங்கால வருது எண்டதை கண்ணாலயே பாத்தம். ரெண்டடிக்கு ரெண்டடி பொலித்தீன் வெட்டி நிலத்திலயும் சுவரிலயும் நாலு பக்கமும் ரேப் அடிச்சு ஒட்டி ரெண்டு நாள் விட்டனாங்கள். மற்ற இடமெல்லாம் காய்ஞ்சு இருந்தது, வடக்கு மூலையில மட்டும் பொலித்தீனுக்கு கீழ முத்து முத்தா தண்ணி, சுவரும் அதில வெள்ளையா உப்புப் பூத்திருந்தது. வெளிய போய்ப் பாத்தால் கூரைத் தண்ணி இறங்கிற குழாய் சரியா அந்த மூலையடியில வந்து நிக்குது, நிலமும் வீட்டுப் பக்கம் சரிவு. குழாயை ஆறடி தள்ளி நீட்டி, மண் கொட்டி சரிவை வெளிப்பக்கம் திருப்பினம், எல்லாமாச் சேத்து 400 டொலரும் ரெண்டு சனிக்கிழமையும் தான். ஒரு வெடிப்புக்கு மட்டும் ஆள் பிடிச்சு உள்ளுக்கால பசையை ஊசி மாதிரி ஏத்தி அடைச்சம், அது 600.

அடுத்தது பாக்வோட்டர் வால்வ். 2013 ஜூலை 8ஆம் திகதி மழை இங்க இருந்த ஒருத்தருக்கும் மறக்காது, பியர்சன் எயார்போர்ட்ல மட்டும் 126 மில்லிமீற்றர், எங்கட பக்கத்து வீட்டில நிலத்து ட்ரெயினால சூவர் (கழிவுநீர்க் குழாய்) தண்ணி மேல வந்து கட்டில் எல்லாம் மிதந்ததாம். தெருச் சூவர் நிறைஞ்சு தண்ணி திரும்பி வரேக்க அந்த வால்வ் தன்பாட்டில மூடிக்கொள்ளும். ரொறன்ரோ சிற்றி செலவில 80 வீதம், கூடினது 1,250 டொலர் வரைக்கும் திருப்பித் தந்தது. உங்கட சிற்றியிலயும் இப்ப என்ன குடுக்கினம் எண்டு வேலை தொடங்க முதலே கேளுங்கோ.

சுவருக்கு ரெண்டு இஞ்சி ஃபோம் போர்ட்டை நேர கொங்கிறீற்றில ஒட்டி, பொருத்து எல்லாம் ரேப் அடிச்சு, அதுக்குப் பிறகு தான் மரச்சட்டம், சட்டத்துக்கு நடுவில ரொக்வூல் எண்ட கல்லுப் பஞ்சு. ஐஸ் தண்ணி கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரித் தான் வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்து குளிர்ந்த கொங்கிறீற்றில பட்டு வேர்க்கிறது, ஃபோம் அந்தக் காத்தை கொங்கிறீற் பக்கம் போகவிடாது. ஃபோமை வெறுமையா விடக்கூடாது, நெருப்புக்காக ட்றைவோலால மூடத்தான் வேணும். கீழ படுக்கிற சட்டம் பிரஷர் ட்றீற் பண்ணின, உக்காமல் இருக்க மருந்து ஏத்தின மரம். ட்றைவோலை நிலத்தில முட்ட விடாமல் அரை இஞ்சி தூக்கி அடிச்சம், கீழ ஈரம் வந்தாலும் உறிஞ்சாது. ஷீற் அடிச்சது நாங்கள், பொருத்துக்கு மட் எண்ட பூச்சு பூச மட்டும் ஆள். கதவு மூண்டு, பாத்ரூம் அலுமாரி, சிங்க், லைற் எல்லாம் ரீஸ்ரோர் எண்ட பழைய சாமான் கடையில 1,100க்குள்ள முடிஞ்சுது. பாத்ரூமுக்கு குழாய் முதலே போட்டு வைக்கேல்ல எண்டதால கொங்கிறீற் உடைச்சு 7,000 போச்சு, அது ஒண்டு தான் கணக்கைக் குழப்பினது.

மொத்தம் 29,000. 2024 ஜூலை 16 அந்தப் பெருமழை அண்டைக்கு நான் வேலையில, அப்பா தான் ரோர்ச் அடிச்சு மூலை மூலையாப் பாத்திட்டு போன் எடுத்தார், பொட்டுத் தண்ணி இல்லையாம். நான் அழுதிட்டன்.

உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ.

கொலம்பஸ், ஒஹையோவுல இருந்து

அக்கா, படிச்சு முடிச்சதும் அப்பா போன் பண்ண இடத்துல எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. நாங்க தமிழ்நாடு, இங்க வந்து பதினொரு வருஷம். தண்ணி விஷயத்துல நாங்க ஜாக்கிரதையா இருந்தோம், ஆனா ரேடான்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. மண்ணுக்குள்ள இருக்குற யுரேனியம் சிதைஞ்சு வர்ற வாயு, நிறம் மணம் எதுவும் கிடையாது, ஸ்லாப்ல (கான்கிரீட் தரையில) இருக்குற வெடிப்பு, தண்ணி சேர்ற சம்ப் குழி வழியா வீட்டுக்குள்ள வந்துடும், சிகரெட்டுக்கு அடுத்து நுரையீரல் கேன்சருக்கு இதான் காரணம்னு சொல்றாங்க. எங்க ஃப்ராங்க்ளின் கவுண்டி, அமெரிக்க சுற்றுச்சூழல் துறை ஈபிஏ மேப்ல ஸோன் ஒண்ணு, அதாவது அதிகமா இருக்க வாய்ப்புள்ள ஏரியா. ஃப்ளோர், பெயிண்ட் எல்லாம் முடிச்சு பசங்களுக்கு ப்ளே ரூம்னு திறந்து விட்டப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லித்தான் டெஸ்ட் பண்ணோம், 9.2 வந்துச்சு, ஒரு லிட்டர் காத்துல 4 பிகோகியூரி (கதிரியக்கத்த அளக்குற அலகு) தாண்டினாலே சரி பண்ணணும்ங்கிறது இங்க விதி மாதிரி. ரெண்டு ராத்திரி தூக்கமே இல்ல. ஆள் வந்து ஸ்லாப்ல ஓட்டை போட்டு பைப் இறக்கி, ஃபேன் வெச்சு அந்த வாயுவ கூரைக்கு மேல தள்ற மாதிரி பண்ணாங்க, இப்ப 1.3க்கு இறங்கிடுச்சு. புது ஃப்ளோர வெட்ட வேண்டி வந்தது, அழகா முடிச்ச சுவர் மூலையில பைப் போகுது. சுவர் மூடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணியிருந்தா பைப்ப சட்டத்துக்குள்ளயே மறைச்சிருக்கலாம். கனடாவுல இருக்குறவங்களுக்கு அளவு வேற, ஒரு கன மீட்டர் காத்துல 200 பெக்கரல்னு (அங்க உள்ள அலகு) நினைவு வெச்சுக்கங்க, குளிர் காலத்துல மூணு மாசம் வெச்சு அளக்கச் சொல்றாங்க.

ஏஜாக்ஸ்ல இருந்து

நாங்கள் வாடகைக்கு விடத் தான் செய்தது. அறை யன்னலைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல. நெருப்புப் பிடிச்சால் மேல படியால போகேலாது, யன்னலால தான் ஆள் வெளிய வரவேணும், அதுக்கு ஒன்ராறியோவில திறந்த இடம் 0.35 சதுர மீற்றர் இருக்கவேணும், அகலமோ உயரமோ 380 மில்லிமீற்றருக்கு குறையக் கூடாது. எங்கட பழைய யன்னல் அதில பாதி கூட இல்லை. கொங்கிறீற் வெட்டி புது யன்னல் வைக்க 4,000க்கு கிட்ட போச்சு, அதைக் குறைப்பம் எண்டு சொந்தக்காரர் எல்லாரும் சொன்னவை, நான் மாட்டன் எண்டிட்டன். இப்ப அங்க ரெண்டு ஸ்ருடன்ற் பிள்ளையள் இருக்கினம், இரவில நான் நிம்மதியா நித்திரை கொள்ளுறன்.

ஸ்காபுறோவில இருந்து, பழைய பங்களோ

ஒரு சின்ன விசயம், ஆனா முக்கியம். 1950, 60கள்ல கட்டின வீடு எண்டால் நிலத்தில ஒன்பது இஞ்சி சதுர ரைல் இருக்கும், அதைச் சுரண்டாதேங்கோ. அதுக்குள்ளயும் அதை ஒட்டின கறுத்தப் பசையிலயும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக் கூடும். நாங்கள் ஒரு துண்டை லாப்புக்கு குடுத்து பாத்தம், இருந்தது. ரைல் உடையாமல் இறுக்கமா இருந்தபடியால் அப்பிடியே விட்டு மேல சப்ஃப்ளோர் (அடித்தளப் பலகை) போட்டிட்டம். என்ர மச்சான் வேற வீட்டில தெரியாமல் மெசினால சுரண்டினவர், மூண்டு பிள்ளையள் மேல் மாடியில இருந்தவை, அதை நினைச்சு இப்பவும் கவலைப்படுறார்.

கதை தொடங்கின அக்கா

எல்லாருக்கும் நன்றி. கொலம்பஸ் தம்பி, ரேடான் நாங்கள் பாக்கேல்ல. உங்கட பதிவை வாசிச்சிட்டு இண்டைக்கே அளக்கிற சாமானுக்கு ஓடர் போட்டிட்டன், நவம்பரில அம்மாவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில வைப்பன், மூண்டு மாசத்தால வாற நம்பரை இங்கயே வந்து எழுதுறன்.