நிட்டினால் தகடு: டி.எஸ்.சி.யில் உருமாற்றம் முடிந்த பிறகும் எக்ஸ்.ஆர்.டி.யில் ஆஸ்டெனைட் மிச்சம் இருப்பது ஏன்?

நிட்டினால்23:

எல்லாருக்கும் வணக்கம். சாம்பிள்: 50.8 அணு சதவீதம் நிக்கல் உள்ள நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் வடிவ நினைவுக் கலவை) தகடு, 0.5 மி.மீ. தடிமன். காற்று உலையில் 450 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துத் தண்ணீரில் போட்டது. டி.எஸ்.சி. (உருமாறும்போது உள்ளே போகும், வெளிவரும் வெப்பத்தை அளப்பது) நிமிடத்துக்கு 10 டிகிரி. குளிர்விக்கும்போது இரண்டு பீக், ஒன்று 30 டிகிரியை ஒட்டி, மற்றது −35-ஐ ஒட்டி. −50-இல் எல்லாம் முடிகிறது. சூடாக்கினால் 40 டிகிரியில் முழு ஆஸ்டெனைட் (சூட்டில் நிற்கும் கனசதுரக் கட்டமைப்பு).

அதே தகட்டை 1200 தாளில் தேய்த்து, 1 மைக்ரான் வைரப் பசையில் பாலிஷ் செய்து, குளிர்விக்கும் ஸ்டேஜில் வைத்து எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) எடுத்தேன். கதிர் காப்பர் கே-ஆல்ஃபா, விலகும் கோணம் (இரு-தீட்டா) 38 முதல் 47 வரை. ஸ்டேஜ் −60 காட்டும்போதுகூட 42.4 டிகிரியில் பெரிய பீக் அப்படியே நிற்கிறது. மார்டென்சைட்டின் (குளிர்ந்தால் வரும் கட்டமைப்பு) பீக்குகள் 39, 44, 45 பக்கம் சின்னதாகத்தான் வருகின்றன. ரீட்வெல்ட் (கட்டமைப்பு மாதிரிகளைப் பீக்குகளோடு பொருத்திச் சதவீதம் எடுக்கும் முறை) போட்டால் ஆஸ்டெனைட் 60 சதவீதம் என்கிறது. எதை நம்புவது? இதே சாம்பிளை அடுத்து சிங்க்ரோட்ரானில் (துகள் முடுக்கி தரும் வலுவான எக்ஸ்-கதிரில்) இழுத்துப் பார்க்கும் திட்டமும் இருக்கிறது.

பிராக் கோணம்:

முதல் சந்தேகம் வெப்பநிலை மேல்தான். ஸ்டேஜ் காட்டும் −60 என்பது ஹீட்டருக்குப் பக்கத்தில் புதைத்த சென்சாரின் கணக்கு. சாம்பிளின் மேல்தோல் அதே அளவில் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தகடு சும்மா உட்கார்ந்திருந்தால் 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 0.1 மி.மீ. கே-வகை தெர்மோகப்பிளைத் தகட்டின் மேல் மூலையில், கதிர் படாத இடத்தில், ஸ்பாட் வெல்ட் செய்யுங்க. அடியில் மெல்லிசா வெள்ளிப் பசை. ஒவ்வொரு வெப்பநிலையிலும் 10 நிமிஷம் நிறுத்தி, தெர்மோகப்பிள் அசையாமல் நின்ற பிறகுதான் ஸ்கேன்.

அடுத்தது உயரம். குளிரும்போது ஸ்டேஜ் சுருங்கிச் சாம்பிள் கீழே இறங்கும். கோனியோமீட்டர் ஆரம் (சாம்பிளிலிருந்து டிடெக்டருக்கு உள்ள தூரம்) 217.5 மி.மீ. என்றால், 0.1 மி.மீ. இறக்கத்துக்கு 42 டிகிரி பீக் சுமார் 0.05 டிகிரி இடதுபக்கம் போகும். ஆஸ்டெனைட் 100 டிகிரி குளிர்ந்து சுருங்கினால் அதே பீக் வலதுபக்கம் நகர வேண்டிய தூரமும் ஏறக்குறைய அதே 0.05 தான்! ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, "பீக் நகரவே இல்லை" என்று தோன்றும். ஸ்கேனை 48.5 வரை நீட்டுங்க. தகட்டின் மேல் துளி சிலிக்கான் பொடியை ஆல்கஹாலில் குழைத்துத் தடவினால் 47.3-இல் அதன் (220) பீக் வரும் (அடைப்பில் உள்ள எண் படிகத் தளத்தின் பெயர்). சிலிக்கான் வெப்பத்துக்கு ரொம்பக் குறைவாகத்தான் விரியும், அதனால் அந்த பீக் நகர்ந்தால் பெரும்பாலும் உயரம்தான் காரணம்.

அறைக் காற்றில் குளிர்விக்கிறீர்களா? அப்படியென்றால் பனி படியும். பனிக்கட்டிக்கு 40-ஐ ஒட்டி ஒரு பீக் உண்டு, மார்டென்சைட் (002) இருக்கும் 39-க்குப் பக்கத்து வீடு. பனிக்கட்டியின் மற்ற பீக்குகள் 22.8, 24.3, 25.9 மூன்றையும் ஒரு தடவை பாருங்க. அங்கே ஏதாவது எழுந்திருந்தால் வாக்குவம், இல்லை உலர் நைட்ரஜன்.

உலோகவியல் வாத்தியார்:

வெப்பநிலை சரிதான். ஆனால் கேள்வியிலேயே பதில் இருக்கிறது தம்பி: குளிர்விக்கும்போது இரண்டு பீக். 30 டிகிரியில் வருவது ஆஸ்டெனைட்டிலிருந்து ஆர்-ஃபேஸ் என்ற இடைக் கட்டமைப்பு, −35-இல் வருவது ஆர்-ஃபேஸிலிருந்து மார்டென்சைட். நிக்கல் கூடுதலான கலவையை 450-இல் வைத்தால் நிக்கல்4-டைட்டானியம்3 வீழ்படிவு வரும், அதைச் சுற்றியுள்ள தகைவுப் புலம் ஆர்-ஃபேஸுக்கு வழிவிடும். ஆகவே 30-க்கும் −35-க்கும் இடையில் அந்த 42.4 பீக் ஆஸ்டெனைட்டே அல்ல. ரீட்வெல்ட்டில் ஆர்-ஃபேஸ் மாதிரியைக் கொடுக்கவில்லை என்றால், அது முழுவதையும் ஆஸ்டெனைட் கணக்கில்தான் எழுதும்.

ஆர்-ஃபேஸ் என்பது கனசதுரத்தை உடல் மூலைவிட்டம் வழியே லேசாக இழுத்தது. அதில் ஆஸ்டெனைட் (110) இரண்டாகப் பிளக்கும். அறுகோண அச்சில் எழுதினால் (112) இடப்பக்கம், (300) வலப்பக்கம். நன்றாக விரிந்த நிலையில் இடைவெளி 0.4 முதல் 0.5 டிகிரி. காப்பர் கதிரோடு சேர்ந்து வரும் இரண்டாம் அலைநீளமான கே-ஆல்ஃபா2 தரும் பிளவு இந்தக் கோணத்தில் 0.11 தான், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உருமாற்றம் தொடங்கும் இடத்தில் பிளவு மிகச் சிறியது, குளிரக் குளிரத்தான் விரியும். அதனால் 25 டிகிரியில் அது பிளவாகத் தெரியாது, "பீக் ஏன் தடித்திருக்கிறது" என்றுதான் தெரியும்.

சோதனை எளிது. 61.5-இல் (200) பீக்கையும் எடுங்கள். மூலைவிட்டம் வழியே இழுத்தால் மூன்று முகங்களும் சமமாகவே இருப்பதால் (200) பிளக்காது. (110) தடிக்க, (200) தடிக்காமல் இருந்தால் ஆர்-ஃபேஸ். இரண்டும் தடித்தால் உள் தகைவோ, ஸ்டேஜில் வெப்பச் சரிவோ. (200) பலவீனமான பீக், எண்ணும் நேரத்தை நாலைந்து மடங்கு கூட்டுங்கள். முதலில் 80 டிகிரிக்குச் சூடாக்கி 10 நிமிடம் வைத்து, அங்கிருந்து இறங்கிக்கொண்டே வாருங்கள். நடுவில் ஒரு தடவை மேலே ஏறினாலும் ஹிஸ்டரிசிஸ் (ஏறும்போதும் இறங்கும்போதும் உருமாறும் வெப்பநிலை வேறாக இருப்பது) குறுக்கே வரும், அந்த ஓட்டம் வீண்.

இன்னொன்று பாலிஷ். காப்பர் கதிர் நிட்டினாலில் 13 மைக்ரான் போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சாய்கோணத்தில் போய்த் திரும்ப வேண்டியதால், சிக்னலில் பெரும்பகுதி மேல் சில மைக்ரானிலிருந்தே வருகிறது. நீங்கள் தாளில் தேய்த்துக் கெடுத்ததும் அதே தோல்தான். அங்கே தகைவால் உண்டான மார்டென்சைட் 80 டிகிரியிலும் போகாமல் நிற்கலாம், மீதி இடம் உருமாறாமல் அடம் பிடிக்கலாம். டி.எஸ்.சி. முழுத் துண்டையும் பார்க்கிறது, எக்ஸ்.ஆர்.டி. தோலைப் பார்க்கிறது. காற்று உலையில் வைத்ததால் ஆக்சைடுக்கு அடியில் நிக்கல் மிகுந்த அடுக்கும் இருக்கும். 43.5 பக்கம் ஒட்டாத பீக் ஒன்று வந்தால் நிக்கல்3-டைட்டானியத்தைச் சந்தேகியுங்கள்.

தேய்த்த பிறகு ஹைட்ரோஃப்ளூரிக் 1, நைட்ரிக் 4, தண்ணீர் 5 பங்குக் கரைசலில் பக்கத்துக்கு 20, 30 மைக்ரான் எடுத்துவிடுங்கள். மைக்ரோமீட்டரில் முன்னும் பின்னும் அளக்கவும். நைட்ரிக்கைக் குறைக்க வேண்டாம், தகடு ஹைட்ரஜனைக் குடிக்கும். கண்ணாடிப் பாத்திரம் கூடவே கூடாது, பாலிப்ரொப்பிலீன்தான். கால்சியம் குளுகோனேட் ஜெல் (ஹைட்ரோஃப்ளூரிக் தோலில் பட்டால் தடவுவது) கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

நிட்டினால்23:

நன்றி சார், நன்றி பிராக் கோணம். அமிலத்தில் 25 மைக்ரான் எடுத்து, தெர்மோகப்பிள் ஒட்டி மறுபடி ஓட்டினேன். ஸ்டேஜ் −60 என்றபோது தகடு −41 தான்! 0 டிகிரியில் (110) இரண்டாகத் தெரிகிறது, இடைவெளி 0.4. (200) தடிக்கவில்லை. ஆர்-ஃபேஸைச் சேர்த்தபின் −41-இல் ஆஸ்டெனைட் கிட்டத்தட்ட காணோம். ஆனால் மார்டென்சைட் அளவு மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, தகட்டைச் சாய்த்து வைத்தாலே 10 சதவீதம் போகிறது.

உலோகவியல் வாத்தியார்:

அது டெக்ஸ்சர். உருட்டிய தகட்டில் படிகங்கள் ஒழுங்கு பிடித்திருக்கும். ஸ்டேஜில் அசையாத தகடு ஒரே ஒரு திசையைத்தான் பார்க்கிறது. அந்தச் சதவீதத்தைத் தசமத்தோடு எழுதாதீர்கள். இரு பரிமாண டிடெக்டரில் முழு வளையமும் எடுத்து, மௌட் போன்ற மென்பொருளில் டெக்ஸ்சரோடு சேர்த்துப் பொருத்தினால்தான் அளவு நிற்கும்.

கதிர்க்கற்றை:

சிங்க்ரோட்ரான் பகுதிக்கு. முதலில் ஆற்றல். 20 கேஇவி-யில் (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) 0.5 மி.மீ. நிட்டினால் சுவர் மாதிரி, எதுவும் தாண்டாது. இந்தூர் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் போல அந்த ஆற்றல் அளவில் ஊடுருவிப் பார்க்கப் போனால் தகட்டை 0.1 மி.மீ.க்கு மெலிக்கணும், அப்பவும் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். ஹாம்பர்க் பெட்ரா-3 மாதிரி 80 கேஇவி கிடைத்தால் 0.5 மி.மீ. தகடு 80 சதவீதத்துக்கு மேல் விட்டுவிடும்.

80 கேஇவி, டிடெக்டர் 1 மீட்டர் தூரம் என்றால் ஆஸ்டெனைட் (110) வளையத்தின் ஆரம் சுமார் 73 மி.மீ. இங்கே ஒரு பொறி: இழுக்கும்போது தகடு கதிரின் திசையில் 1 மி.மீ. முன்னே பின்னே போனால் வளையம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். அது ஆயிரம் மைக்ரோ-திரிபு (தகடே அந்த அளவு நீண்டது) என்று கணக்கில் ஏறிவிடும். கதிர் படும் இடத்தில் சீரியம் ஆக்சைடு பொடியை மெல்லிசாப் பூசிவிடுங்க, ஒவ்வொரு படத்திலும் தூரத்தைத் திருத்திக்கலாம். டெஸ்ட் தொடங்கும் முன் ஒரு தடவை மட்டும் காலிபரேட் செய்தால் போதாது.

கற்றை 0.2 மி.மீ. சதுரம். உங்க தகடு 450-இல்தான் போனது, மணிகள் சின்னது, வளையம் வழவழன்னு வரும். 800-இல் வைத்த சாம்பிள் என்றால் புள்ளி புள்ளியாய் வரும். அதற்குக் கற்றையைப் பெரிசாக்கணும், இல்லை சாம்பிளை ஆட்டணும்.

பலர் ஏமாறும் இடம் சூப்பர்எலாஸ்டிக் சமதளம் (இழுக்கும்போது தகைவு ஏறாமலே தகடு நீளும் பகுதி). உருமாற்றம் தகடு முழுக்க ஒரே சீராக நடக்காது, லூடர்ஸ் பட்டையாய் ஒரு முனையிலிருந்து நகரும். எக்ஸ்டென்சோமீட்டர் (தகட்டின் மொத்த நீட்சியை அளப்பது) 3 சதவீதம் காட்டும்போது உங்க கற்றை இருக்கும் இடம் இன்னும் முழு ஆஸ்டெனைட்டாக இருக்கலாம். பட்டை கடந்த மறுநொடி மார்டென்சைட் குபீர்னு ஏறும். அதை மொத்தத் திரிபுக்கு எதிரே வரைந்தால் படி மாதிரி ஒரு கோடு வரும், அது பொருளின் குணம் இல்லை. இரண்டு பிடியும் எதிரெதிராய் நகரும் இயந்திரம் கேளுங்க, நடுப்புள்ளி நகராது. ஒரு கேமரா வைத்து அந்தப் புள்ளியின் திரிபைத் தனியா எடுங்க. திரிபு வேகம் நொடிக்கு 0.0001 தாண்டக் கூடாது. உருமாறும்போது வெளிவரும் வெப்பம் தகட்டைச் சூடாக்கும், ஒரு டிகிரி ஏறினால் சமதளம் 6, 7 மெகாபாஸ்கல் ஏறும்.

அறை வெப்பநிலையில் இழுக்காதீங்க. உங்க சாம்பிள் 25-இல் ஆர்-ஃபேஸ், முழு ஆஸ்டெனைட்டுக்கே 40 வேணும். ஹீட்டர் வைத்து 55, 60-இல் தொடங்குங்க.