ராஜாஜி லிபரலா?

வெட்டாறு
சுதந்திராக் கட்சியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1959-ல், எண்பது வயதில், நேருவை எதிர்த்து ராஜாஜி தொடங்கிய புதுக் கட்சி. எட்டே வருஷத்தில் மக்களவையில் 44 இடம். எதற்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி வேண்டும் என்ற நிலைக்கு 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று அவர் வைத்த பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாடு தந்த ஒரே அசல் லிபரல், அதாவது தனிமனித சுதந்திரத்தை முதலில் வைத்தவர், ராஜாஜிதான் என்பது என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

சவரப்பெட்டி
வந்துவிட்டேன். 1953-ல் என் அப்பாவுக்கு எட்டு வயது. அந்த வருஷம், முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தால், எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பையனுக்கு மூன்று மணி நேரம்தான் பாடம், மிச்ச நேரம் வீட்டுத் தொழில் பழக வேண்டும் என்று ஆனது. அப்பாவுக்குக் காலையில், தாத்தாவின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பின்னால் போகிற வேலை. கத்தி, சாணைக்கல், படிகாரம், ஒரு பித்தளைக் கிண்ணம். ஒரு வீட்டில் திண்ணைக்குக் கீழே நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். திண்ணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிற பையன், மத்தியானம் வகுப்பில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவன். "அந்த வருஷம் பூரா அவன் முகத்தைப் பார்க்கவில்லை" என்பார் அப்பா.

யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைப் பிறப்பே முடிவு செய்யட்டும் என்று விட்டவருக்கு லிபரல் என்று பெயரா சார்? அதுவும் சட்டசபையைக் கேட்காமல் கொண்டுவந்த திட்டம்.

வெட்டாறு
திட்டம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். 1954-ல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்து அதைத் தூக்கிப் போட்டார். ஆனால் அதற்கு முந்தின வருஷத்தையும் பாருங்கள். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை இருந்த கண்ட்ரோல் காலத்தில் என் பாட்டி, மதுரையில் பிள்ளை பெற்றிருந்த மகளுக்கு நாலு படி அரிசியைத் தலையணை உறைக்குள் போட்டுத் தைத்து எடுத்துப்போனார். ரயிலில் அதன்மேல் தலைவைத்துப் படுத்து, செக்கிங் வந்தால் தூங்குகிற மாதிரி பாசாங்கு. விளைந்தது சொந்த வயலில்! 1952 ஜூனில் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள், வரவில்லை. தன் அரிசியைத் தான் கொண்டுபோகத் திருட்டுமுழி முழிக்க வேண்டாம் என்று ஆக்கியவரை வேறு என்னவென்று சொல்வது?

மணிக்கூண்டு
வியாபாரி என்று சொல்லலாம். (கோபப்படாதீர்கள், கிண்டல்தான்.)

முதலில் சொல்லிலேயே குழப்பம் இருக்கிறது. லிபரலைத் தமிழில் 'தாராளவாதி' என்றால் கல்யாணத்துக்குத் தாராளமாக மொய் எழுதுகிறவர் போல இருக்கிறது. அந்தக் காலத்தில் லிபரல் கட்சி என்றே ஒன்று இருந்தது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி அதில் பெரிய ஆள். அவர்களை நம்மூரில் 'மிதவாதிகள்' என்றார்கள், அதாவது பயந்தாங்கொள்ளிகள். ராஜாஜி அப்போது காந்தி பக்கம்.

என் அளவுகோல் வேறு. அதிகாரம் கையில் இருக்கும்போது, தனக்குப் பிடிக்காதவன் பேச்சை ஒருவர் என்ன செய்தார்? 1938-ல் இந்தி எதிர்ப்பாளர்கள் மேல் அவருடைய ஆட்சி எடுத்தது குற்றச்சட்டத் திருத்தச் சட்டம். காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளைக்காரன் வைத்திருந்த அதே சட்டம். ஆயிரம் பேருக்கு மேல் சிறை. நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் காவலிலேயே செத்தார்கள்.

அது பழைய கதை என்றால், 1950-க்கு வாருங்கள். 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறு வருஷமே முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து பேச்சுரிமையைச் சுருக்கியது. அப்போது மத்திய உள்துறை அமைச்சர் யார்? ராஜாஜி. அதே 1951-ல் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போடும் மசோதாவைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

வெட்டாறு
பத்திரிகை மசோதா எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், சரிதான். ஆனால் மனிதன் மாறக்கூடாதா? 1938-ல் இந்தியைக் கட்டாயமாக்கியவர் 1965-ல் எதிர்த்தார். காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவிடம் பேசித்தான் தீர வேண்டும் என்று, அதைச் சொன்னாலே தேசத்துரோகி என்ற காலத்தில் எழுதினார். 1964-ல் அப்துல்லா சென்னைக்கே வந்து அவரைப் பார்த்தார். ஓட்டுக்காகவா இதெல்லாம்?

மணிக்கூண்டு
மாறினார், மறுக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கின பிறகு மாறினார் என்பதுதான் என் குறை.

ஒற்றைப்பனை
மதுவிலக்கை யாரும் பேசவில்லையே! 1937-ல் சேலத்தில் ஆரம்பித்தவர், 1971-ல் அதை எடுக்காதே என்று கருணாநிதியிடம் போய்க் கேட்டவர். நான் மாலையில் என்ன குடிக்கலாம் என்பதை முதலமைச்சர் தீர்மானிப்பாராம், அவர் லிபரலாம்.

சவரப்பெட்டி
அதில் நான் ராஜாஜி பக்கம்.

சிரிக்காதீர்கள். தாத்தாவுக்குக் கிடைத்த காசில் பாதி எங்கே போனது என்று எங்கள் பாட்டிக்குத்தான் தெரியும். இதனால் நான் லிபரல் இல்லை என்றால் இல்லை, அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். வெட்டாறு சாரின் பாட்டிக்கு அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டால் போதும், அரிசி இருந்தது, வயலும் இருந்தது. என் அப்பாவுக்கு அரசாங்கம் ஒதுங்கியிருந்தால் பெட்டிதான் மிஞ்சியிருக்கும். காமராஜர் காலத்து மதிய உணவில்தான் எட்டாவது தாண்டினார்.

வெட்டாறு
இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ரயிலில் செக்கிங்குக்கு வந்தவனும் அரசாங்கம், மதியம் சோறு போட்டவனும் அரசாங்கம். இரண்டாவதைக் கேட்டு வாங்கும்போது முதலாவதும் கூடவே வரும் என்று ராஜாஜி பயந்தார், எனக்கும் அந்தப் பயம் உண்டு. 'ஒரே அசல்' என்று முதலில் எழுதியதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

ஒன்று கேட்கலாமா? அந்தத் திண்ணைப் பையனும் அப்பாவும் பிறகு பேசிக்கொண்டார்களா?

சவரப்பெட்டி
1967 தேர்தலில் அவர் சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாராம். அப்பா அப்போது தி.மு.க., அந்தத் தடவை இரண்டு கட்சியும் கூட்டணி. நாற்காலி போட்டு, மோர் கொடுத்திருக்கிறார். அதுதான் அப்பாவின் முதல் ஓட்டு. எதில் குத்தினார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.