கொழும்பில் சேஃப்டி ஆபீசராக முதல் வேலை: இரண்டு லட்சம் நியாயமான சம்பளமா?

திருச்சியிலிருந்து வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். மெக்கானிக்கல் முடித்து, தொழிற்பாதுகாப்பில் டிப்ளோமாவும் வாங்கியிருக்கிறார். கொழும்பில் ஒரு கட்டுமான நிறுவனம் சேஃப்டி ஆபீசராக எடுத்திருக்கிறது. மாதம் இரண்டு லட்சம் இலங்கை ரூபாய். "சரியான சம்பளமா அண்ணா, இல்லை ஏமாறுகிறேனா?" இதே கேள்வி மாதத்துக்கு இரண்டு பேரிடமிருந்தாவது வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். நானும் ஒன்பது வருடம் முன்பு இதே கேள்வியோடு வெள்ளவத்தையில் வந்து இறங்கியவன்தான். அப்போது கேட்க ஆள் இல்லை.

இரண்டு லட்சம் என்றதும் வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்தால் அது ஐம்பத்தேழாயிரம்தான். அதற்காக எல்லாவற்றையும் மூன்றரையால் வகுத்துக்கொண்டே இருக்காதீர்கள். சாப்பிடுவதும் வாடகை கொடுப்பதும் இங்கேதானே. ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு போதும்.

நான் முதலில் கேட்பது மொத்தம் எவ்வளவு என்பதை அல்ல, அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். இங்கே ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈபிஎஃப்புக்கு, உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள். நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, ஈடிஎஃப் என்பார்கள், இன்னொரு 3 சதவீதமும் நிறுவனத்தின் தலையில்தான். இரண்டு லட்சமும் அடிப்படைச் சம்பளம் என்றால் நிறுவனம் உங்கள் பெயரில் மாதம் 30,000 கட்டும். அதே இரண்டு லட்சத்தை 80,000 அடிப்படை, மீதி 1,20,000 போக்குவரத்து, போன், சைட் படி என்று பிரித்துத் தந்து, அடிப்படைக்கு மட்டும் கட்டினால் 12,000 தான். மாதம் 18,000, வருடத்துக்கு 2,16,000 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது வகையில் கைக்கு 9,600 கூடுதலாக வரும். பிடித்தம் குறைவல்லவா? புதிதாக வருபவருக்கு அதுதான் நல்ல ஆஃபராகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து ஈபிஎஃப் கணக்கைப் பார்த்தபோதுதான் விழித்துக்கொண்டேன். சட்டப்படி வாழ்க்கைச் செலவுப் படியும் ஈபிஎஃப் கணக்கில் சேர வேண்டும். எந்தப் படிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பணிக்கொடையும் இதில்தான் மாட்டிக்கொள்கிறது. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அந்த அரை மாதத்தையும் அடிப்படையை வைத்துத்தான் போடுவார்கள்.

சரி, தொகை நியாயமா? "மார்க்கெட் ரேட் என்ன" என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். என் அளவுகோல் வேறு. அதே சைட்டில், அதே வருடம் படித்து முடித்து சைட் இன்ஜினியராகச் சேர்ந்தவருக்கு எவ்வளவு? உங்களுக்கும் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றால், அவர்களுக்குத் தேவை பாதுகாப்பு அல்ல, பெர்மிட் தாளில், அதாவது வேலை தொடங்க அனுமதிக்கும் தாளில், ஒரு கையெழுத்து.

இது வெறும் மனத்தாங்கல் இல்லை. வெளிநாட்டுக் கடனில் நடக்கும் பெரிய வேலைகளில் ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தங்களை அடிக்கடி பார்ப்பீர்கள். அவற்றில் கட்டுமானத்துக்கான 1999 ஆம் ஆண்டின் சிவப்புப் புத்தகத்தில் 6.7 ஆம் பிரிவு, ஒப்பந்தக்காரர் சைட்டில் ஒரு விபத்துத் தடுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. அவர் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும், உத்தரவிடவும் விபத்தைத் தடுக்க நடவடிக்கை எடுக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டமாக இருந்தால் நேர்முகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த அலுவலர் நான்தானா? வேலையை நிறுத்தும் அதிகாரம் என் நியமனக் கடிதத்தில் எழுதப்படுமா? முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதுக்கு மழுப்பல் என்றால் கவனம். சாரம் சரிந்தால் விசாரணையில் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான்.

அடுத்து ஓடி, அதாவது கூடுதல் நேர வேலைக்கான பணம். ஆபீசர் என்று பெயர் வைத்துவிட்டால் ஓடி கிடையாது என்பது பல இடங்களில் வழக்கம். ஆனால் கொழும்பில் பகலில் லாரி நகராது என்று கான்கிரீட்டை ராத்திரியில் ஊற்றுவார்கள், நீங்களும் நிற்க வேண்டும். போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், வேலை செய்தால் ஒன்றரை மடங்கு என்ற விதி இருக்கிறது. உங்கள் பதவிக்கு இவை பொருந்துமா, பொருந்தாவிட்டால் பதிலுக்கு லீவா பணமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வரி பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரை வரி கிடையாது, அடுத்த பத்து லட்சத்துக்கு 6 சதவீதம். இரண்டு லட்சம் சம்பளத்துக்கு மாதம் 3,000 தான். இந்தக் கழிவு இங்கே வதிவாளராகக் கணக்கிடப்படுபவருக்கு, அதற்கு இங்கே 183 நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. நிதியாண்டின் நடுவில் வந்தவர்கள் எச்ஆரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னூட்டத்தில் வந்தவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நெபோஷ் என்ற பிரிட்டிஷ் தேர்வு அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் கூடுதலாகக் கேட்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கேட்கலாம். ஆனால் சைட்டில் ஒரு நாளும் நிற்காமல் அதன் சர்வதேசப் பொதுச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தால் பெரிதாக ஏறாது. இன்னும் எழுதவில்லை என்றால் சம்பளத்தைக் கூட்டச் சொல்வதைவிட அந்தக் கட்டணத்தை நிறுவனத்தையே கட்டச் சொல்லுங்கள். பதிலுக்கு பாண்ட் கேட்பார்கள், இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று எழுதித் தருவது. ஒரு வருடம் என்றால் சரி. மூன்று வருடம் என்றால் நான் என் காசிலேயே கட்டிவிடுவேன்.

பேரம் பேசினால் வேலையே போய்விடுமா என்று இன்னொருவர். போகாது. வீசாவுக்கு அலைந்து ஆள் எடுப்பவர்கள் ஒரு கேள்விக்காகக் கைவிட மாட்டார்கள். ஆனால் பேசுவதை இப்போதே பேசுங்கள். வதிவிட வீசா அந்த நிறுவனத்தை ஒட்டித்தான் இருக்கும். பிடிக்கவில்லை என்று அடுத்த மாதம் பக்கத்து சைட்டுக்குப் போக முடியாது, பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மொத்தத்தைக் கூட்ட மறுத்தால் படிகளை அடிப்படைக்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் வருடத்துக்கு ஒரு ஊர் டிக்கெட்டாவது கேளுங்கள். தகுதிகாண் காலம் முடிந்ததும் எவ்வளவு ஏறும் என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். "பார்த்துச் செய்வோம்" என்பதை நம்பி நான் பதினான்கு மாதம் காத்திருந்தேன்.

வீடு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பவர்கள் நிறைய. ஒரு வருடம் கேட்பவர்களும் உண்டு. முதல் மாதச் சம்பளத்தில் அது நடக்காது. சேரும்போதே சம்பள முன்பணம் கேட்டு வாங்கி, மாதாமாதம் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேராகச் சேர்ந்து தெஹிவளைப் பக்கம் ஒரு அனெக்ஸ், அதாவது வீட்டை ஒட்டிய தனிப் பகுதி, எடுத்தால் சமாளிக்கலாம். அங்கிருந்து கொழும்பு கோட்டை நிலையத்துக்கு ரயில் இருக்கிறது, 100 ஆம் நம்பர் பஸ்ஸும் காலி வீதியில்தான் ஓடுகிறது.

அப்புறம் சிங்களம். தமிழும் ஆங்கிலமும் போதும் என்று எச்ஆர் சொல்வார். அவர் சைட்டுக்கு வருவதில்லை. 'நவத்தன்ன' என்றால் நிறுத்துங்கள், 'பரிஸ்ஸமென்' என்றால் கவனமாக. சேரும் முன் இந்த இரண்டையும் உரக்கச் சொல்லிப் பழகிவிடுங்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தில் அடிப்படை எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.