வீட்டு வாசலில் முன் ஆக்சில் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டு ஆல்ட்டோ காரில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து வேகம் கொடுக்கும்போதெல்லாம் இடது முன் சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. நேராகப் போகும்போது அந்தச் சத்தம் இல்லை. ஒடித்துத் திருப்பும்போது மட்டும் கேட்டால் சக்கரப் பக்கத்து சி.வி. ஜாயின்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலின் முனையில், மடங்கிய நிலையிலும் அது சுழல உதவும் இணைப்பு) தேய்ந்திருக்கிறது என்றும், நேர்ச்சாலையில் வேகமெடுக்கும்போது வண்டி அதிர்ந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் பொதுவாகக் கொள்ளலாம். குனிந்து பார்த்தபோது ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, உள்ளிருந்த கறுப்பு கிரீஸ் ரிம்மின் உட்புறமெங்கும் தெறித்திருந்தது. சத்தம் வருவதற்கு முன்பே கிழிசல் கண்ணில் பட்டால் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றிச் சமாளித்துவிடலாம். சத்தம் வந்த பிறகு, குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் தேய்ந்துபோயிருக்கும் என்பதால் புது கிரீஸால் பயனில்லை. அதனால் ஆக்சிலையே மாற்ற முடிவு செய்தேன்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஆக்சில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதன் பூட்டும் நம் வண்டியின் வயதுதான் ஆகியிருக்கும் என்பதால் ஜி.பி. ரோட்டுக் கடையில் புதிதாகவே வாங்கினேன். இடது, வலது ஆக்சில்களின் நீளம் வேறு வேறு. பழையதைக் கழற்றியதும் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீளத்தையும் இரு முனைகளிலும் உள்ள பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பிறகே மாட்ட வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியானால் அதற்கான வளையமும் பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்த வேலையில் ஆளைச் சோதிப்பது, சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்போடு ஆக்சில் முனையைப் பிடித்திருக்கும் ஹப் நட்டுதான். வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, அதைத் தளர்த்திவிட வேண்டும். எங்கள் வண்டியில் நட்டின் விளிம்பை ஆக்சிலின் பள்ளத்துக்குள் தட்டி அமுக்கியிருந்தார்கள். அதைச் சிறிய உளியால் நிமிர்த்தி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சாக்கெட் கைப்பிடியில் ஜி.ஐ. பைப்பைச் சொருகி என் எடை முழுவதையும் போட்ட பிறகு, 'படார்' என்ற ஓசையோடு அசைந்து கொடுத்தது. அதன் பிறகுதான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் கையையோ தலையையோ நுழைக்காதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வாங்க மனமில்லாதவர் இந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம்.

கியர் ஆயிலை வடிப்பதற்கு முன், ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வடித்த பிறகு அது கழல மறுத்தால் வண்டியை நகர்த்தவே முடியாது. நக்கிளையும் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பகுதி) லோயர் ஆர்மையும் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட் அதன் தண்டிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவியாக வேண்டும். பிறகு லோயர் ஆர்மைக் கடப்பாரையால் கீழே அமுக்கி, நக்கிளை வெளிப்பக்கம் இழுத்தால் ஆக்சில் முனை ஹப்பிலிருந்து நழுவி வரும். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சிறிய வளையக் கிளிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜாயின்ட்டின் உடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நெம்பினால் அது விட்டுக்கொடுக்கும். புதியதைச் செருகும்போது அந்தக் கிளிப் 'கிளிக்' என்று உட்காரும் உணர்வு உள்ளங்கையில் தெரியும். இழுத்துப் பார்த்து, வராமல் நின்றால்தான் அது சரியாக உட்கார்ந்திருக்கிறது.

ஹப் நட்டைக் கண்டிப்பாகப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள். சிறிய கார்களிலேயே இது பெரும்பாலும் 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் இருக்கும். துல்லியமான அளவை உங்கள் வண்டியின் பணிமனைக் கையேட்டில் பார்க்கவும். நட்டை முறுக்காமல் வண்டியை இறக்கி உருட்டினால் சக்கர பேரிங் கெட்டுவிடும்.

மறுமொழி, மதுரையிலிருந்து:

விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. ஆக்சில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். எங்கள் வண்டிக்கு முதலில் ஒரு பணிமனையில் ஆக்சில் மாற்றினோம். பழைய சீலை அப்படியே விட்டு, ஆக்சிலைச் சாய்வாகத் தள்ளியதில் அதன் பற்கள் சீலின் உதட்டைக் கீறிவிட்டன. மறு வாரமே வாசலில் கியர் ஆயில் சொட்டத் தொடங்கியது. மறுபக்க ஆக்சிலை நானும் மைத்துனரும் வீட்டிலேயே மாற்றியபோது, புதுச் சீலைப் போட்டு, அதன் உதட்டில் ஆயில் தடவி, பற்கள் நேராகும்வரை ஆக்சிலின் எடையை ஒருவர் தாங்கிப்பிடித்தோம். ஒரு சொட்டும் கசியவில்லை. எங்கள் வண்டியில் ஆக்சில் முனை ஹப்போடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய நட்டை முனையளவு திருகி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டியதால் மரை நசுங்காமல் தப்பியது. அதற்கும் அசையவில்லையென்றால் ஆக்சில் முனையை அழுத்தி வெளியே தள்ளும் கருவியான புல்லரை வாடகைக்கு எடுப்பதே நல்லது. தண்டைப் பிடித்து இழுத்தால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட் பிரிந்து அதன் உருளைகள் கழன்றுவிடும்.

மறுமொழி, சேலத்திலிருந்து:

அம்பாசடரும் பத்மினியும் ஓட்டிய காலத்தில் ஆக்சில் என்றாலே பின்பக்கம்தான். 1983இல் மாருதி 800 வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் முன் சக்கரத்தில் பூட் என்ற ஒன்றைத் தேடிப் பார்க்கத் தொடங்கினோம். ஒரு சந்தேகம்: இதை மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை) பார்க்க வேண்டுமா, தம்பி?

தாம்பரத்திலிருந்து, முதலில் எழுதியவர்:

பால் ஜாயின்ட்டை மட்டும் கழற்றி மாட்டியிருந்தால் அலைன்மென்ட் பெரும்பாலும் மாறாது, ஐயா. அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டான ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் சக்கரத்தின் சாய்வு மாறியிருக்கலாம் என்பதால் பார்த்தே தீர வேண்டும். நான் அந்த போல்ட்டுகளைத் தொடவில்லை. வண்டியும் ஒரு பக்கம் இழுக்காமல் நேராகவே போகிறது.